வில்லோ மரப்பட்டையும் மூட்டுவலியும்: மருந்தை முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்த டாக்டர் மெக்லாகன் யார்?

கிரிக்கெட் பேட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, இங்கிலீஷ் வில்லோவா, காஷ்மீர் வில்லோவா என்றுதான். அந்த வில்லோ மரத்தின் கட்டை பேட் ஆகிறது. அதன் பட்டை என்ன ஆகிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. அந்தப் பட்டையில் நாக்கில் பட்டால் முகம் சுளிக்க வைக்கிற ஒரு கசப்புப் பொருள் இருக்கிறது. பெயர் சாலிசின். 1874-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் ஒரு டாக்டர் அதை எடுத்து, மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலோடு படுத்துக் கிடந்த ஒருவருக்குக் கொடுத்தார்.

அந்த டாக்டர்தான் தாமஸ் ஜான் மெக்லாகன். மூட்டுவலி மருந்துகளின் வரலாற்றை யார் எழுதினாலும் இவர் பெயர் வந்துவிடும். ஆனால் பொதுவாக ஆஸ்பிரின் கதை என்று ஆரம்பித்தால், நேராக ஜெர்மனி, பேயர் கம்பெனி, 1899 என்று போய்விடுகிறோம். அதற்கு 25 வருஷம் முன்னாடியே ஒரு மூலிகை மருந்தை மூட்டுவாதத்துக்குச் சோதித்து, அளந்து, எழுதி வைத்தவர் இவர். அவர் மருந்து வேலை செய்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் சுத்தமாகத் தப்பு. இந்த இரண்டும் ஒரே ஆளின் கதையில் வருவதுதான் இங்கே சுவாரசியமே.

யார் இந்த மெக்லாகன்?

1838-ல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1860-ல் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் வசதியும் ஆர்வமும் உள்ள இளம் டாக்டர்கள் ஐரோப்பா பக்கம் ஒரு சுற்று போய் வருவார்கள். இவரும் பாரிஸ், மியூனிக், வியன்னா என்று போய்ப் படித்தார். திரும்பி வந்தவர் 1864-ல் டண்டீ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையின் மருத்துவக் கண்காணிப்பாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 26 இருக்கும்.

டண்டீ அப்போது சணல் நகரம். வங்காளத்தில் விளைந்த சணல் கப்பல் ஏறி டண்டீக்குப் போய்த்தான் சாக்காக மாறி உலகமெல்லாம் போனது. ஆலை வேலைக்கு ஜனம் வந்து குவிய, ஒரே அறையில் ஒரு குடும்பம், சில இடத்தில் இரண்டு குடும்பம். குளிர், ஈரம், பேன், அழுக்குத் தண்ணீர். இது போதாதா? டைபஸ், டைபாய்டு என்று காய்ச்சல் அலை அலையாக வந்தது. மெக்லாகன் பொறுப்பேற்ற காலமே காய்ச்சல் காலம்தான்.

அங்கே அவர் கையில் எடுத்த கருவிதான் பின்னால் வரும் கதைக்கு முக்கியம்: தெர்மாமீட்டர். இன்றைக்கு ஒவ்வொரு வீட்டு டிராயரிலும் கிடக்கும் சாதனம். 1860-களின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய ஒரு அடி நீளம். அக்குளில் வைத்து இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆல்பட் என்ற டாக்டர் 1866 வாக்கில் பாதி நீளத்தில், ஐந்து நிமிஷத்தில் அளக்கும் ஒன்றைக் கொண்டுவந்த பிறகுதான் இது பரவத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலான டாக்டர்கள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, நாடி பிடித்துக் காய்ச்சலை முடிவு செய்தவர்கள். பிரிட்டனில் காய்ச்சல் நோயாளிகளின் உடல் சூட்டை ஒழுங்காக அளந்து குறித்து வைத்த ஆரம்பகால டாக்டர்களில் மெக்லாகனும் ஒருவர். அந்த அளவுகளை வைத்துக் கட்டுரைகளும் எழுதினார்.

ஓரிரு வருஷத்தில் மருத்துவமனைப் பொறுப்பை விட்டுவிட்டு டண்டீயிலேயே தனியாக பிராக்டிஸ் ஆரம்பித்தார். காய்ச்சலைக் குறித்து வைக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை.

அவர் முன்னால் இருந்த நோய் எது?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நாம் முடக்குவாதம் என்று சொல்வது வருஷக்கணக்கில் நீடிக்கும் ஒரு நோய். மெக்லாகன் சோதித்தது அதை இல்லை. அவர் காலத்தில் அக்யூட் ருமாட்டிசம் என்றார்கள். இப்போது ருமாட்டிக் காய்ச்சல் என்கிறோம். திடீரென்று கடும் காய்ச்சல். முழங்கால் வீங்கும், இரண்டு நாளில் அது வடிந்து மணிக்கட்டுக்குத் தாவும், பிறகு கணுக்கால், தோள்பட்டை. வியர்வை ஊற்றும். போர்வை உரசினால்கூட அலறும் அளவுக்கு வலி. பெரும்பாலும் சிறு பிள்ளைகளும் இளம் வயதினரும்தான் மாட்டுவார்கள். மூட்டு கடைசியில் சரியாகிவிடும். ஆனால் பலருக்கு இதய வால்வு பழுதாகி, சில வருஷம் கழித்து உயிரையே வாங்கிவிடும்.

சிகிச்சை? ரத்தத்தை வடித்து விட்டார்கள். உடம்பில் கொப்புளம் எழுப்பினார்கள். பொட்டாஷ் மாதிரியான கார உப்புகளை டம்ளர் டம்ளராகக் குடிக்க வைத்தார்கள். எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். வலிக்கு அபின். ஒவ்வொரு டாக்டரும் தன் மருந்தில்தான் குணமாகிறது என்று சத்தியம் செய்தார்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் இரண்டு பேர் ஒரு வேலை செய்தார்கள். வில்லியம் கல், ஹென்றி சட்டன். (இந்த கல்தான் அனோரெக்ஸியா நெர்வோசா என்ற பெயரைப் பரப்பியவர், ஜாக் தி ரிப்பர் பற்றிய சதிக்கதைகளில் பாவம், இவர் பெயரையும் இழுத்து விட்டிருக்கிறார்கள்.) இவர்கள் 41 ருமாட்டிக் காய்ச்சல் நோயாளிகளுக்கு, பெரும்பாலும் புதினாத் தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். ஆமாம், வெறும் புதினாத் தண்ணீர். படுக்கை ஓய்வு, நல்ல கவனிப்பு, அவ்வளவுதான். 1869-ல் வந்த அவர்களின் அறிக்கை சொன்னது இதுதான்: மருந்தே இல்லாமலும் இந்த நோய் சில வாரங்களில் தானாக அடங்குகிறது. அப்படியென்றால் என் மருந்தால்தான் மூன்றாவது வாரம் எழுந்து உட்கார்ந்தார் என்று சொன்ன டாக்டர்கள் நிலைமை? கஷ்டம்தான்.

என்னைக் கேட்டால், மெக்லாகனின் கண்டுபிடிப்பைப் புரிந்துகொள்ள இந்த 41 பேர்தான் முக்கியமான சாட்சி. தானாகவே குறையும் ஒரு நோய்க்கு எந்த மருந்து கொடுத்தாலும் அது வேலை செய்வதுபோலத்தான் தெரியும். நோய் இயல்பாக எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரிந்த பிறகுதான், மருந்து அதை மாற்றியதா என்று கேட்கவே முடியும்.

வில்லோ யோசனை எங்கிருந்து வந்தது?

வில்லோ பட்டையைக் காய்ச்சலுக்குப் பயன்படுத்துவது மெக்லாகனுக்கு முன்பே இருந்ததுதான். 1763-லேயே இங்கிலாந்தின் சிப்பிங் நார்டன் ஊரைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தற்செயலாக வில்லோ பட்டையை வாயில் வைத்தவருக்கு, அதன் கசப்பு சின்கோனா பட்டையை ஞாபகப்படுத்தியது. மலேரியாவுக்கு அப்போது இருந்த ஒரே நல்ல மருந்து அந்த சின்கோனாதான். (1860-களில் நீலகிரி மலையில் ஆங்கிலேயர்கள் தோட்டம் போட்டார்களே, அதே மரம்.) கசப்பு என்றால் மருந்து என்று நம் பாட்டிகள் நினைப்பதுபோலத்தான் அவரும் நினைத்தார். ஒரு பவுண்டு அளவுக்குப் பட்டையைச் சேகரித்து, ரொட்டி சுடும் அடுப்புக்கு வெளியே மூன்று மாதம் காய வைத்துப் பொடித்து, குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டி, சுமார் 50 பேருக்குக் கொடுத்தார். காய்ச்சல் குறைந்தது என்று எழுதினார். ராயல் சொசைட்டி கடிதத்தை அச்சிட்டபோது அவர் பெயரை எட்மண்ட் என்று போட்டுவிட்டது தனிக் காமெடி.

அடுத்த நூறு வருஷத்தில் வேதியியல் நுழைந்தது. 1828-ல் மியூனிக்கில் புக்னர் பட்டையிலிருந்து கசப்புப் பொருளைப் பிரித்து சாலிசின் என்றார். அடுத்த வருஷம் பிரான்ஸில் லெரூ அதைச் சுத்தமான படிகமாக எடுத்தார். 1838-ல், அதாவது மெக்லாகன் பிறந்த அதே வருஷம், இத்தாலிக்காரரான பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தை உண்டாக்கினார். மருந்துக் கடைகளில் சாலிசின் கிடைத்தது, குயினைனுக்குப் பதிலாக அவ்வப்போது கொடுக்கவும் செய்தார்கள். ஆனால் மலேரியாவுக்கு அது குயினைன் அளவுக்கு நிற்கவில்லை. அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டது.

மெக்லாகன் அதை முன்வரிசைக்குக் கொண்டுவந்த காரணம், இன்று படித்தால் சிரிப்பு வரும். மலேரியா சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருகிறது என்று அன்று நம்பினார்கள். ருமாட்டிக் காய்ச்சலும் அதே வகை என்று மெக்லாகன் முடிவு செய்தார்: தாழ்வான, ஈரமான, குளிர்ந்த இடத்தில் இருக்கும் ஏதோ ஒரு நச்சு உடம்புக்குள் போகிறது. இயற்கை நோயைக் கொடுக்கும் இடத்திலேயே மருந்தையும் வைத்திருக்கும் என்பது பழைய நம்பிக்கை. சரி, ஈர நிலத்தில் எது நன்றாக வளர்கிறது? ஆற்றங்கரை வில்லோ. அதிலும் குயினைன் மாதிரியே ஒரு கசப்பு.

லாஜிக் இவ்வளவுதான். இதில் ஒரு படிகூட இன்று நிற்காது. மலேரியா கொசுவால் வருகிறது. ருமாட்டிக் காய்ச்சல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும் தொண்டைத் தொற்றுக்குப் பிறகு, நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே திசை மாறித் தாக்குவதால் வருகிறது. வில்லோ ஆற்றங்கரையில் வளர்வதற்கும் யாருடைய முழங்காலுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் மெக்லாகன் யோசனையோடு நிறுத்தவில்லை. அங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து விலகுகிறார்.

1874: முதலில் தனக்கு, அப்புறம் நோயாளிக்கு

ஒரு புது மருந்தை நேராக நோயாளியின் வாயில் ஊற்ற அவர் தயாராக இல்லை. முதலில் தானே சாப்பிட்டார். 5 கிரெய்ன், பிறகு 10, பிறகு 30. ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். ஆக 30 கிரெய்ன் என்றால் கிட்டத்தட்ட 2 கிராம். ஒன்றும் ஆகவில்லை. இது ஆபத்தில்லாத பொருள் என்று உறுதியான பிறகுதான் நோயாளிக்குப் போனார். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் ஒரே ஆளின் வயிற்றை ஆதாரமாக ஏற்காது, சரிதான். ஆனால் ரத்தம் வடித்துக்கொண்டிருந்த காலத்தில், மருந்தின் பாதுகாப்பை முதலில் பார், பலனைப் பிறகு பார் என்ற வரிசையே பெரிய விஷயம். இன்றும் மருந்து ஆராய்ச்சியின் முதல் கட்டம் அதுதான்.

முதல் நோயாளி 48 வயது ஆண். காய்ச்சலும் மூட்டு வீக்கமும் உச்சத்தில் இருந்தபோது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை 12 கிரெய்ன் சாலிசின் கொடுத்தார். அடுத்த நாளுக்குள் தெர்மாமீட்டர் இறங்கியது, நாடித் துடிப்பு குறைந்தது, மூட்டு வலியும் வீக்கமும் வடிய ஆரம்பித்தன. அதன்பின் அடுத்த நோயாளி, அதற்கடுத்தவர் என்று தொடர்ந்தார். 1876 மார்ச்சில் லான்செட் இதழில் இரண்டு பகுதிகளாகக் கட்டுரை வந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் எந்த அளவு, எத்தனை மணிக்கொரு முறை, காய்ச்சல் எவ்வளவு இறங்கியது, வலி எப்போது விட்டது என்ற விவரம் இருந்தது. டண்டீ காய்ச்சல் வார்டில் பழகிய தெர்மாமீட்டர் இங்கே கைகொடுத்தது.

இதை எந்த அளவுக்கு நம்பலாம்? ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத குழு இல்லை. யாருக்கு மருந்து என்று குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. மருந்து கொடுத்தவரே பலனையும் அளந்தார். இன்றைய கணக்கில் இது ஆதார ஏணியின் கீழ்ப்படி. ஆனால் புதினாத் தண்ணீர் குடித்த கைஸ் மருத்துவமனைக்காரர்களை ஞாபகம் வையுங்கள். அங்கே நோய் அடங்க வாரங்கள் ஆயின. இங்கே ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் விழுகிறது, அதுவும் ஒருவருக்கு அல்ல, அடுத்தடுத்து வந்த நோயாளிகளுக்கு. வித்தியாசம் இவ்வளவு பெரியதாக இருக்கும்போது சின்ன எண்ணிக்கையும் பேசும். மற்ற டாக்டர்கள் தங்கள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே மாதிரி நடந்தது. அதுதான் உண்மையான சோதனை.

இன்னொரு தகவல். கட்டுரை வந்த அதே வருஷம், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து ஒரு டாக்டர் லான்செட்டுக்கு எழுதினார். அங்குள்ள கொய்கொய் மக்கள் இதே மாதிரி மூட்டுக் காய்ச்சலுக்கு வில்லோ கஷாயத்தை ரொம்ப காலமாகவே குடித்து வருகிறார்கள் என்று. லண்டன் இதழில் புதுக் கண்டுபிடிப்பாக வந்தது, இன்னொரு மூலையில் ஆடு மேய்ப்பவர்களின் அன்றாட வைத்தியமாக இருந்திருக்கிறது. நம் ஊர் மூலிகை விவாதங்களில் அடிக்கடி வரும் கேள்வி இங்கேயும் வருகிறது: கண்டுபிடித்தது யார்? என் கருத்து, பயன்பாடு அவர்களுடையது, அளவும் பதிவும் மெக்லாகனுடையது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

பெர்லின் முந்திக்கொண்டதா?

இங்கே ஒரு ட்விஸ்ட். மெக்லாகனின் கட்டுரை மார்ச் மாதம். அதே 1876 ஜனவரியிலேயே பெர்லினில் ஃபிரான்ஸ் ஸ்ட்ரிக்கர் என்பவர் ருமாட்டிக் காய்ச்சலுக்கு சாலிசிலிக் அமிலம் கொடுத்து வெற்றி கண்டதாக எழுதிவிட்டார். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் நடந்த வேலை அது. ரீஸ் என்ற இன்னொரு பெர்லின் டாக்டரும் அதே சமயத்தில் சொன்னார். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாமல், ஒரே குடும்பத்து மருந்து, ஒரே நோய், ஒரே வருஷம்.

ஜெர்மனியில் இது நடந்ததற்குக் காரணம் ஆலை. வேதியியலாளர் கோல்பே சாலிசிலிக் அமிலத்தைப் பட்டையே இல்லாமல் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். 1874-ல் டிரெஸ்டன் பக்கத்தில் தொழிற்சாலை வந்தது. மருந்து மலிவாகக் கொட்டியது. கொட்டினால் டாக்டர்கள் எல்லா நோய்க்கும் கொடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா?

முதலில் அச்சில் வந்தது பெர்லின். ஆனால் தான் 1874-லேயே தொடங்கிவிட்டேன் என்பது மெக்லாகனின் வாதம். இந்த முதலிடச் சண்டையை விட, அடுத்து வந்த சண்டைதான் நோயாளிகளுக்கு முக்கியமானது: சாலிசினா, சாலிசிலிக் அமிலமா?

உடம்புக்குள் போனால் சாலிசின் உடைந்து கடைசியில் சாலிசிலிக் அமிலமாகத்தான் மாறுகிறது. ஆனால் அமிலத்தை நேரடியாக விழுங்கினால் வாய் எரியும், வயிறு புண்ணாகும், வாந்தி வரும். அதிக அளவில் காதுக்குள் ரீங்காரம், தற்காலிகச் செவிட்டுத்தனம், சிலருக்குப் பிதற்றல்கூட வரும். சாலிசின் கசக்கும், அவ்வளவுதான், வயிற்றை இந்தப் பாடு படுத்தாது என்று மெக்லாகன் விடாமல் எழுதினார். 1881-ல் ருமாட்டிசம் பற்றி ஒரு முழுப் புத்தகமே போட்டார். இன்னொரு பாடத்தையும் அவர் கற்றிருந்தார்: வலி போனதும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வருகிறது. அதனால் குணமான பிறகும் சில நாள் தொடர வேண்டும்.

வாதத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. சந்தையில் இல்லை. பட்டையிலிருந்து எடுக்கும் சாலிசின் விலை அதிகம். ஆலையில் வரும் சாலிசிலிக் அமிலம் மலிவு. அதன் சோடியம் உப்பு வாயை அவ்வளவு எரிக்கவும் இல்லை. 1877-ல் பாரிஸில் ஜெர்மேன் ஸே என்ற பேராசிரியர் சோடியம் சாலிசிலேட்டை மூட்டுவலிக்கும் கௌட் நோய்க்கும் சேர்த்துப் பரிந்துரைத்ததும் அதுவே நிலைத்துவிட்டது. மூலிகைப் பொருள் ஜெயித்து, மூலிகை தோற்றது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

லண்டன் வாழ்க்கை

1879-ல் மெக்லாகன் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். பெயர் பெற்ற டாக்டர் ஆகிவிட்டார். எழுத்தாளர் தாமஸ் கார்லைல் தன் கடைசிக் காலத்தில் இவரிடம்தான் வைத்தியம் பார்த்தார். கார்லைல் 1881-ல் இறந்தார். மெக்லாகனின் இந்த லண்டன் வருஷங்கள் வசதியானவை, அமைதியானவை, உண்மையைச் சொன்னால் கதைக்கு அவ்வளவாகத் தீனி போடாதவை.

அவர் மருந்தைப் பற்றிய விவாதம்தான் அமைதியாக இல்லை. 1880-களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவமனைகள் பழைய பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டன. சாலிசிலேட் வருவதற்கு முன் வந்த நோயாளிகள் ஒரு பக்கம், வந்த பிறகு இன்னொரு பக்கம். வலியும் காய்ச்சலும் சீக்கிரம் குறைகின்றன என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதயம்? அங்கேதான் இடித்தது. வால்வு பழுதாவது குறைந்ததாக உறுதியாகக் காட்ட முடியவில்லை.

மெக்லாகன் சாலிசின் நோயின் வேரையே அறுக்கிறது என்று நம்பினார். குயினைன் மலேரியாவை அடிப்பதுபோல இது ருமாட்டிக் நச்சை அடிக்கிறது என்பது அவர் கோட்பாடு. அது உண்மையாக இருந்தால் இதயமும் தப்பித்திருக்க வேண்டும். தப்பிக்கவில்லை. மருந்து அழற்சியை அடக்கியது. நோயை நிறுத்தவில்லை. நோயாளியின் கண்ணுக்குத் தெரிவது மூட்டு, உயிரை எடுப்பது இதயம். எழுந்து நடந்த பையனைப் பார்த்துக் குடும்பம் நிம்மதியாகிவிடும். உள்ளே வால்வு சுருங்கிக்கொண்டிருக்கும்.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க இன்னும் 70 வருஷம் ஆனது. 1955-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. ருமாட்டிக் காய்ச்சல் வந்த 497 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு ஏசிடிஎச் ஹார்மோன், ஒன்றுக்கு கார்ட்டிசோன், ஒன்றுக்கு ஆஸ்பிரின். ஒரு வருஷம் கழித்து இதயத்தைப் பார்த்தால் மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதயத்தைக் காப்பாற்றியது வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்த பென்சிலின்தான். தொண்டைத் தொற்றை அடித்தால் நோய் மறுபடி தாக்குவது நின்றது. பணக்கார நாடுகளில் இந்த நோய் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இந்தியாவில் ருமாட்டிக் இதய நோய் இன்னும் இருக்கிறது. பிள்ளைக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்து, சில வாரம் கழித்து மூட்டு மாறி மாறி வீங்கினால் தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மெக்லாகன் 1903-ல் லண்டனில் இறந்தார். அதற்கு நான்கு வருஷம் முன்பு, 1899-ல், பேயர் நிறுவனம் சாலிசிலிக் அமிலத்தின் வயிற்றுத் தொல்லையைக் குறைத்த வடிவம் என்று சொல்லி ஆஸ்பிரினைச் சந்தைக்கு விட்டிருந்தது. இந்த வகை மருந்துகள் உடம்பில் என்ன செய்கின்றன என்பது 1971-ல்தான் புரிந்தது. லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் மாதிரியான மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன என்று காட்டினார். வீக்கம், வலி, காய்ச்சல் மூன்றிலும் அந்தப் பொருளுக்குப் பங்கு உண்டு. 1982-ல் அவருக்கு நோபல் பரிசு. ஈர நிலத்து நச்சு என்ற பேச்சே அதில் இல்லை.

சரி, இன்று ஆன்லைனில் விற்கும் வில்லோ பட்டை மாத்திரை?

வெள்ளை வில்லோ பட்டைச் சாறு என்று காப்ஸ்யூல் இன்றும் விற்கிறது. இயற்கை என்பதால் பக்கவிளைவு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், வயிற்றுப் புண் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. வைரஸ் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பார்கள்; அதே காரணத்துக்காக இதுவும் வேண்டாம். முடக்குவாதம் உறுதியான ஒருவர் இதை மட்டும் நம்பி மற்ற மருந்தைத் தள்ளிப்போட்டால், அந்த இடைவெளியில் மூட்டு நிரந்தரமாகச் சேதமாகிவிடும்.

பலன் உண்டா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் நடந்த இரண்டு ஆய்வுகளின் முடிவு 2004-ல் வெளியானது. மூட்டுத் தேய்மானம் உள்ள 127 பேர், முடக்குவாதம் உள்ள 26 பேர். நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் சாலிசின் உள்ள வில்லோ சாறு, ஆறு வாரம். யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இரண்டு ஆய்விலும் வெற்று மாத்திரையை விட வில்லோ சாறு தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை. தேய்மான ஆய்வில் ஒப்பீட்டுக்கு வைத்த டைக்ளோஃபெனாக் வலியை நன்றாகக் குறைத்தது.

அப்படியானால் மெக்லாகன் கண்டது பொய்யா? கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நோயாளிக்கு மூன்று மணிக்கொரு முறை 12 கிரெய்ன், அதாவது சுமார் 780 மில்லிகிராம். ஒரு நாளைக்கு எட்டு வேளை என்றால் 6 கிராமுக்கு மேல். 2004 ஆய்வின் தினசரி அளவு அதில் 25-ல் ஒரு பங்குதான். நோயும் வேறு. இப்போது விற்கும் பாட்டில்களின் லேபிளில் சாலிசின் அளவை மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். டண்டீயில் அவர் நிறுத்துக் கொடுத்தது கிராம் கணக்கில்.